பட்டா பார்த்தீர்கள், மண்ணைப் பார்த்தீர்களா?

வீடு வாங்கப் போகிறவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கம் பார்க்கிறார், வாஸ்துகூடப் பார்க்கிறார். அடியில் இருக்கிற மண்ணை மட்டும் கேட்பாரில்லை!

மெக்சிகோ நகரத்தில் நடந்தது என்ன? 1985 செப்டம்பர் 19, காலை. பூகம்பம் கிளம்பியது சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கடலோரம். ஆனாலும் நகரின் நடுவே நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதே ஊரில் பாறை மேட்டில் இருந்த வீடுகளுக்குப் பெரிய சேதமில்லை!

காரணம் மண்தான். நகரின் நடுப்பகுதி பழைய ஏரி. அடியில் தண்ணீர் ஊறிய களிமண். அல்வாவைத் தட்டோடு ஆட்டினால், தட்டைவிட அல்வாதானே அதிகம் ஆடும்? அந்த ஆட்டத்தோடு 6 முதல் 15 மாடிக் கட்டடங்களின் ஆட்டமும் ஒத்துப்போனது. அதிகம் விழுந்தவை அவையே!

2017-இல் அதே செப்டம்பர் 19-ஆம் தேதி மறுபடியும் பூகம்பம். மறுபடியும் ஏரி மண் பக்கம்தான் அடி பலம்.

நம்ம ஊரிலும் ஏரியைத் தூர்த்து மனை போடுகிறார்கள். மெக்சிகோ மாதிரி இங்கேயும் வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீங்க! உங்க பணம், உங்க உயிர். கேட்பதில் என்ன வெட்கம்?