சுரங்கத்துக்கும் வேண்டும் அட்வான்ஸ்!

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குகிறார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க, உடைந்த குழாயை மாற்ற என்று அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். குடியிருந்தவருக்கு எரிச்சல்தான். ஆனால், ஒரு மலையையே வெட்டி நிலக்கரி எடுப்பவர்களிடம் அட்வான்ஸ் வாங்காமல் விட்டால்? அதன் விலையை அமெரிக்கா நன்றாகவே அறியும்.

1972 பிப்ரவரி 26, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கு. பிட்ஸ்டன் குழுமத்தின் நிறுவனம், சுரங்கக் கழிவைக் கொட்டியே கரை எழுப்பி, நிலக்கரி கழுவிய கறுப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. மழையில் நிரம்பிய கரை காலை 8 மணிவாக்கில் உடைந்தது. 125 பேர் இறந்தார்கள். 4,000-க்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். 'இது கடவுளின் செயல்' என்றது நிறுவனத் தரப்பு. மாநில அரசு 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில், 1977-ல் 10 லட்சம் டாலருக்குச் சமாதானமாகப் போனார் ஆளுநர்.

இங்கே வழக்குப் போடவாவது ஒரு நிறுவனம் இருந்தது. தோண்டியவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டுப் போன இடங்களும் அந்த நாட்டில் ஏராளம். திறந்து கிடக்கும் குழிகள், சரியும் கழிவு மேடுகள், அணையாமல் புகையும் நிலத்தடி நெருப்பு. யாரிடம் போய்க் கேட்பது?

1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழி சொன்னது. அந்தத் தேதியையே எல்லைக்கோடாக வைத்து, பொறுப்பை இரண்டாகப் பிரித்தது.

அதற்கு முன் கைவிடப்பட்ட நிலம், அரசின் பொறுப்பு. பணம் மட்டும் தொழிலிலிருந்தே வரும். திறந்தவெளிச் சுரங்கத்தில் எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 35 சென்ட், நிலத்தடிச் சுரங்கம் என்றால் 15 சென்ட் எனக் கட்டணம் வசூலித்து ஒரு நிதி உருவானது. அதைக்கொண்டு மாநிலங்கள் பழைய குழிகளை மூடுகின்றன.

அதற்குப் பின் தோண்டும் நிலம், நிறுவனத்தின் பொறுப்பு. அனுமதி பெறும் முன்பே பிணைத் தொகை கட்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் நிலத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, செடி கொடி வளர்க்க வேண்டும். நட்டால் மட்டும் போதாது. மழை வளமுள்ள பகுதியில் 5 ஆண்டு, வறண்ட பகுதியில் 10 ஆண்டு பராமரிக்க வேண்டும். பச்சை பிடித்ததை அரசு பார்த்த பிறகுதான் பிணை முழுதாகத் திரும்பும்.

நல்ல ஏற்பாடு. ஓட்டையும் இருந்தது. 'பெரிய கம்பெனிதானே' என்று சில மாநிலங்கள் ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ வாங்காமல், நிறுவனத்தின் வாக்குறுதியையே பிணையாக ஏற்றன. 2015, 2016-ல் ஆல்பா, ஆர்ச், பீபாடி ஆகிய மூன்று பெரிய நிலக்கரி நிறுவனங்களும் அடுத்தடுத்து திவால் மனு போட்டபோது, அந்த வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழுந்தது.

இன்னொரு சிக்கல், அமிலத் தண்ணீர். சுரங்கப் பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது அமிலமாகி, ஓடைகளை ஆரஞ்சு நிறமாக்கி மீன்களைக் கொல்லும். குழியை ஒருமுறை மூடினால் வேலை முடிந்தது. இந்தத் தண்ணீரையோ பல ஆண்டுகள் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செலவு இப்படி நீள, வரவு சுருங்கியது. 35 சென்ட் கட்டணம் படிப்படியாக 22.4 சென்ட் ஆனது. நிலக்கரி உற்பத்தியும் சரிந்தது. 2021-ல், 15 ஆண்டுகளுக்கு 1,130 கோடி டாலரை அரசு கஜானாவிலிருந்தே ஒதுக்க வேண்டிவந்தது. அதாவது, நிலக்கரி விற்றுச் சம்பாதித்தவர்கள் அன்றே தந்திருக்க வேண்டியதை, இன்று வரி கட்டும் மக்கள் தருகிறார்கள்.

நிலத்தைத் திருத்தும் வேலையை அரசும் செய்யலாம், நிறுவனமும் செய்யலாம். ஆனால், அதற்கான பணத்தைச் சுரங்கம் லாபத்தில் ஓடும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவரிடம் அட்வான்ஸ் கேட்க முடியாது!