பழைய ஃபோர்டைப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே

சிங்கப்பூரின் புக்கிட் தீமா ஃபோர்டு ஆலை என்றதும் 1942 பிப்ரவரி 15தான் நினைவுக்கு வரும். பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் அது. அந்த ஒரு நாளின் கனம் அப்படி. ஆனால் 1941இல் அந்த ஆலை எழுந்தது கார் பூட்டுவதற்காக. தென்கிழக்காசியாவின் முதல் கார் பூட்டும் ஆலை அது. போருக்குப் பின் 1947இல் மீண்டும் வேலை தொடங்கி 1980 வரை நடந்தது. 2006இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதால் கட்டடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளைப் பற்றித்தான் நாம் யோசிக்கவில்லை. அந்தக் கைத்திறனும் மரபுடைமையே. தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைக் கற்றுத்தர வழி செய்ய வேண்டும்.

கிளட்ச் மாற்றும் வேலையையே பாருங்கள். பின்சக்கரம் இழுக்கும் இன்றைய லாரியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியும். சில போல்ட்டுகளைக் கழற்றினால் கீழே வந்துவிடும். ‘மாடல் டி’ தொடங்கி 1948 வரை வந்த அமெரிக்க ஃபோர்டு கார்களிலும், 1959 வரை வந்த பிரிட்டிஷ் ஃபோர்டு ‘பாப்புல’ரிலும் அந்தத் தண்டு ஓர் இரும்புக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். குழாயின் பின்முனை அச்சோடு இறுகியிருக்க, முன்முனை கியர்பாக்ஸின் பின்னால் ஒரு பந்துக் கிண்ணத்தில் அசையும். அந்த ஃபோர்டுகளில் பின்பட்டை வில் குறுக்காக இருப்பதால், அச்சை முன்பின் நகராமல் பிடிக்க அதனால் முடியாது. சக்கரங்கள் காரை முன்னே தள்ளும் விசை இந்தக் குழாய் வழியாகத்தான் வண்டிக்கு வந்து சேர்கிறது. ஆகவே கிளட்சை எட்ட கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டுமானால் வில், குழாய், சக்கரம் எல்லாவற்றோடும் பின்அச்சையே பின்னால் உருட்ட வேண்டும். கழற்றுவதில் பெரிய சிரமமில்லை. திரும்ப இணைப்பதில்தான் வித்தை. குழாயின் முன்முனையைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து, வண்டியை கியரில் நிறுத்தி, ஒருவர் ஒரு பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எதிர்ச்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புவார். தண்டின் பல்வரிகள் யுனிவர்சல் ஜாயிண்டின் பல்வரிகளோடு நேராகும் அந்த நொடியில் அச்சு தானாக முன்னே வழுக்கும். பொறுமையில்லாமல் போல்ட்டை முடுக்கி இழுத்தால் பற்கள் நசுங்கும். பிறகு பந்தைச் சுற்றிய கேஸ்கெட்டின் கனம். அது குறைந்தால் அச்சு மேடுபள்ளத்தில் இறுகும், கூடினால் தட்டும். அங்கே உள்சீல் தேய்ந்திருப்பதைக் கவனிக்காமல் மூடினாலோ கியர் எண்ணெய் குழாய் வழியே பின்அச்சுக்கு இறங்கி, கடைசியில் பிரேக் வரை போய்ச் சேரும்.

இத்தகைய வேலை நம் ஊரில் ஏன் அருகியது என்பதற்கு விலாசங்களே சாட்சி. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமானது. கடைவீடுகளின் முகப்பு மட்டும் பிழைத்தது. அங்குள்ள தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், பழைய சாமான் தேடுவோர் மொய்த்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. டிர்விட் சாலையில் இரும்புச் சாமான் கடை இருந்த இடத்தில் இன்று காப்பி விற்கிறார்கள். 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறை இன்னொரு காரணம். பத்தாண்டில் பெரும்பாலான கார்கள் சாலையை விட்டுப் போகும் நாட்டில், இளம் மெக்கானிக் ஒருவர் 75 வயதான காரைத் தொடும் வாய்ப்பு எங்கே?

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, பொதுப்பணம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கார் வைத்திருப்பவர் வசதியானவர்தான். ஆனால் வண்டிக்கடியில் படுப்பவர் அவரல்ல. நான் கேட்பது காருக்குச் சலுகை அல்ல, தொழிலாளியின் அறிவுக்கு ஓர் இடம். உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, கையில் இருக்கும் அறிவும் மரபுடைமை என்று நாடே ஒப்புக்கொண்டது. அந்த மரியாதை கரண்டியோடு நின்றுவிடக் கூடாது. பழுதுபார்ப்புப் புத்தகமும் காணொளியும் போதுமே என்பது அடுத்த மறுப்பு. “பல்வரிகளை நேராக்கிப் பொருத்தவும்” என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். எவ்வளவு எதிர்ப்பு வந்தால் நிறுத்த வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாறும் இலக்கோடு இது மோதுகிறதே என்பதே வலுவான வாதம். அதற்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 35 வயதைக் கடந்து ‘கிளாசிக்’ திட்டத்தில் பதிவான காருக்கு அடிப்படை அனுமதி ஆண்டுக்கு 45 நாள்தான். அந்தச் சில நாள் புகையால் இலக்கு தவறப் போவதில்லை.

பிரிட்டனின் பிஸ்டரில் பழைய கார் சீரமைப்புக்கென்றே தொழிற்பயிற்சி நடக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸில் மெக்ஃபர்சன் கல்லூரி அதற்குப் பட்டமே தருகிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் வாகனப் பிரிவில் ஒரு விருப்பப் பாடம், தேசிய மரபுடைமைக் கழகத்தின் சிறு ஆதரவு, ஓய்வுபெற்ற மெக்கானிக் இருவருக்கு மணிக்கணக்கில் சம்பளம், உடல் கழற்றிய ஒரு பழைய ஃபோர்டு சட்டகம். மாணவர்கள் அதே குழாயை வாரம் ஒருமுறை கழற்றி, வாரம் ஒருமுறை பூட்டட்டும். ஆண்டில் ஒரு நாள் அந்தச் சட்டகத்தைப் புக்கிட் தீமா ஆலைக்குக் கொண்டுபோய், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அச்சை உருட்டி இணைத்துக் காட்டலாம்.