வாயிலிற் காவல் வேண்டுமோ?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுங் கலையிற் பயின்றாரிடையே நெடுநாளாய் ஒரு வாதம் நிகழ்ந்து வருகின்றது. ஒரு செயற்கூறு தனக்கு உள்ளீடாக வரும் பொருள் இன்ன வகையினது என்று முன்னரே ஆராய்ந்து ஏற்க வேண்டுமோ, அன்றி வந்ததை ஏற்றுக் காரியத்தைத் தொடங்கிவிட வேண்டுமோ என்பதே அவ்வாதம். 1995-இல் வெளிவந்த ஜாவா மொழி முன்னதைக் கைக்கொண்டது. 1991-இல் வெளிவந்த பைதான் மொழி பின்னதைக் கைக்கொண்டது. வாத்தைப்போல் நடந்து வாத்தைப்போற் கத்துவது வாத்தேயாம் என்னும் ஆங்கிலச் சொல்வழக்கைக் கொண்டு, பின்னதனை வாத்துமுறை என்பர்.

வாத்துமுறையின் நன்மை பெரிது. கோப்பினை வரிவரியாய்ப் படிக்குமாறு எழுதிய செயற்கூற்றுக்கு, அவ்வாறே படிக்கத்தக்கதாயின், நினைவகத்திலுள்ள உரையையும் மாற்றமின்றிக் கொடுக்கலாம். "கோப்பு என்னும் குலத்திற் பிறந்தாயோ?" என்று வாயிலிலே வினவின், அது புறத்தே நின்றுவிடும். தகாத பொருளாக ஓர் எண் வந்துவிட்டாலோ, அதனைப் படிக்கப் புகுந்த அக்கணமே நிரல் பிழை கூறி நிற்கும். ஆதலாற் காவல் வேண்டா என்பர் அம்முறையார்.

எல்லாப் பிழையும் இவ்வாறு கூவிக்கொண்டு வருமாயின் யாமும் உடன்படுவோம். மாணவர் பெயர்ப்பட்டியலைப் பெற்று, பெயருக்கொரு கடிதம் அச்சிடும் பைதான் செயற்கூறு ஒன்று உளது என்க. ஒரே மாணவனுக்குக் கடிதம் வேண்டிய நாளில், நிரலர் பட்டியலாக்க மறந்து 'மணி' என்னும் பெயரை மட்டும் கொடுத்துவிடுகின்றார். பட்டியலைப்போலவே சொல்லும் உறுப்புறுப்பாய் எடுக்கத்தக்கது. ஆகவே நிரல் நில்லாது. மகரத்துக்கு ஒன்று, ணகரத்துக்கு ஒன்று, தனித்து நிற்கும் இகரக் குறிக்கு ஒன்று என மூன்று கடிதங்களை அச்சிட்டு, குறைவின்றி முடிந்ததுபோல் அமையும். நடையும் குரலும் வாத்தினுடையனவே. ஆயினும் வந்தது வாத்தன்று.

2015-இல் பைதான் வகைக்குறிப்புகளை ஏற்றது. 2019-இல், குலத்தை விடுத்து வேண்டிய திறனை மட்டும் வரையறுத்துக் கேட்கும் வழியையும் தந்தது. நிரல் ஓடுமுன்னரே தனிக் கருவியொன்று அக்குறிப்புகளை ஒத்துப் பார்க்கும். நல்வழியே, எனினும் மேற்காட்டிய மயக்கத்தைத் திறன் ஒன்றே தீர்த்துவிடாது. உறுப்புறுப்பாய் எடுக்கப்படுந் திறன் சொல்லுக்கும் உண்டன்றோ? அங்கே பட்டியல் என்று பெயர் சுட்டியே கேட்டல் வேண்டும்.

ஆதலின், தவறான பொருள் நிரலை உடனே நிறுத்துமிடத்துக் காவல் மிகை. அது சரியானதுபோல் உள்ளே நடமாடுமிடத்துக் காவல் இன்றியமையாதது. நிரல் பயிலும் இளைஞர், "இது வேலை செய்யுமோ?" என்று வினவுவதோடு அமையாது, "தவறினால் எனக்குத் தெரியவருமோ?" என்றும் வினவிப் பழகுக.