பெயிண்ட் டப்பா கடைசியில்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார. எனக்குக் கவிதை வராது. வந்தாலும் இந்த மலரில் கவிஞர்களுக்குள் போட்டி அதிகம். அதனால் எனக்குத் தெரிந்த இரும்பைப் பற்றி எழுதுகிறேன். ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப்பை வீட்டு வாசலில் வைத்தே, கையில் இருக்கிற காசுக்குள் சரிசெய்து ஓட்ட முடியுமா? முடியும் என்பது என் கட்சி. ஆனால் ஊரில் எல்லோரும் செய்கிற வரிசையில் செய்தால் முடியாது.

முதலில் எங்கள் வண்டி வந்த கதை. என் அப்பா போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் இரண்டு முறை பார்த்தவர். சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போக, வண்டிக்காரர், "பணத்துக்கு எங்கப்பா போவேன்? நிக்கிற வண்டிய நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டார். அது 1986-ம் வருஷத்து மகிந்திரா எம்.எம். 540. ஓடாது. அம்மா சொன்னது: "அந்தப் பாக்கிக்கு ஒரு மாடு குடுத்திருந்தாலும் பாலாவது கறந்திருக்கலாம்."

அப்பா இப்போது அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மழை பெய்தால் அந்த மண் பாதையில் மினி லாரி ஏறாது. காய் கீழே இறங்காவிட்டால் குத்தகைப் பணம் போச்சு. எங்களிடம் இருந்தது சீட்டு எடுத்த முப்பத்தைந்தாயிரம் ரூபாய், அவ்வளவுதான். ஆகவே இது பொழுதுபோக்குக்காகச் செய்த வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஜீப்பைப் பார்த்ததும் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, "எடைக்குப் போடுடா" என்னும். இன்னொரு கட்சி, "மாடிஃபை பண்ணுடா மாப்ளே" என்னும். அகல டயர், பம்பர் முழுக்க லைட், மின்னுகிற பெயிண்ட். இரண்டாவது கட்சி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். முதல் கட்சியால் வண்டி மட்டும்தான் போகும். இரண்டாவது கட்சி மலையிலிருந்து இறங்கும்போது ஆளும் போகலாம்.

காசு குறைவாக இருந்தால் முதல் வேலை ஸ்பேனர் வேலையே இல்லை, காகித வேலை. சேஸிஸில் வெட்டியிருக்கும் நம்பரைச் சுரண்டித் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். என்ஜின் நம்பரும் அப்படியே. பெட்ரோல் ஜீப்பில் வேறு டீசல் என்ஜினை ஏற்றி, ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டிய வண்டிகள் ஏராளம். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நம்பர் சரியென்றால் 29, 30 படிவங்களைப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு அப்புறம் போல்ட்டைத் தொடலாம். அடுத்தவர் பெயரில் உள்ள வண்டிக்குச் செலவழிப்பது அடுத்தவர் வயலுக்கு உரம் போடுவது மாதிரி.

அடுத்து சேஸிஸ். அரைக்கிலோ சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது. தொப்பென்றால் துரு இருக்கிறது. அடியில் படுக்கும்போது தயவுசெய்து ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். அது சொல்லாமல் நொறுங்கும். கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோதான் முட்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்.

இனி பிரேக். இங்கேதான் நான் பிடிவாதக்காரன். எங்கள் முப்பத்தைந்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிரேக்குக்கே போனது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், பைப், ஷூவுக்குப் புது லைனிங் என்று எதையும் விடவில்லை. சிங்கிள் சர்க்யூட் உள்ள பழைய வண்டிகளில் ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிப்போம் என்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. கனிம எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் ஊதி உப்பிக்கொள்ளும். அதற்கென உள்ள பிரேக் ஆயிலைத் தவிர வேறெதுவும் கூடாது. டிரம்மை லேத்தில் கடையலாம், அளவு மீறிக் கடையக் கூடாது. மெலிந்த டிரம் இறக்கத்தில் சூடேறினால் விரியும், விரிசலும் விடும்.

பெயிண்ட்டைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் புதுப் பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி உரியும். வெல்டிங் வைத்தால் சுற்றிலும் ஒரு சாண் கருகும். முதலில் பெயிண்ட் அடித்தவன் இரண்டு முறை பெயிண்ட் வாங்குவான். ஆனால் வாசலில் நின்று பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு மாஸ்டர் சிலிண்டர் தெரியாது, பளபளப்புத்தான் தெரியும். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது!

துரு எடுக்க நாங்கள் செலவழித்தது மிகக் குறைவு. பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், சலவை சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பிராக்கெட்டை நெகட்டிவில் மாட்டி, வேண்டாத இரும்புத் தகட்டைப் பாசிட்டிவில் மாட்டினால் இரவோடு இரவாகத் துரு கழன்று வரும். அப்ளைடு கெமிஸ்ட்ரியில் படித்த எலக்ட்ராலிசிஸ்தான். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டவே கூடாது, குரோமியம் கரைந்து தண்ணீரே விஷமாகிவிடும். கட்டுப்பட்டை, ஸ்பிரிங் மாதிரி கடினப்படுத்திய இரும்பை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றும் முன் எங்கள் தெரு பட்டறை மேஸ்திரி அண்ணன், "உளியால ஒரு வெட்டு வச்சுக்க தம்பி, கழட்டின மாதிரியே மாட்டணும்" என்றார். எதற்கண்ணே என்று கேட்டால், "இல்லேன்னா வண்டி ஆடும்" என்பார், அதோடு சரி. ஹூக்ஸ் ஜாயிண்டில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், நடு ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றை மற்றொன்று சரிக்கட்டும் என்று நாம் சூத்திரத்தோடு எழுதி மார்க் வாங்குகிறோம். ஆறாம் வகுப்பைத் தாண்டாத அவர் கை அதை முப்பது வருஷமாகச் செய்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அதற்காகப் பட்டறைக்குப் போனால் நான் பெரிய ஆள் இல்லை. நம்மில் சிலர் ஐ.வி. போகும்போது மெக்கானிக்கை "ஏய்" என்று கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக இல்லை, சொல்லிவிட்டேன்.

வீட்டில் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. நாஸிலும் பம்பும். எங்களுடையது எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின் (4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 83 என்று போட்டு சி.சி. கணக்கிட்டுப் பாருங்கள், 2112 வரும்). நாஸிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதை பம்ப் சர்வீஸ் கடையிலேயே கொடுங்கள். கரும்புகையும் அங்கேதான் குறையும். பழைய டீசல் புகை கக்குகிறது என்று குறை சொல்பவர்கள் சொல்வது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

காசு தீர்ந்துபோனபோது முன்பக்க ஜாயிண்ட் ஷாஃப்டை மாட்டாமல் சாக்கில் சுற்றி வைத்தோம். பின் சக்கர இழுவையிலேயே வண்டி ஓடும். தார் ரோட்டுக்கு அதுவே சரியும்கூட. நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த ஜீப்பில், பிடிப்புள்ள ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு கியர் பல்லைத் தின்னும். பருவமழைக்கு முன் சிலுவை மாற்றி மாட்டினால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. டிரைவர் கணக்குத் தப்பாது.

கடைசியாக அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். 50 வருஷம் ஆனால் 'விண்டேஜ்' என்று மரியாதை உண்டு, ஆனால் அதைத் தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. அதாவது ஷெட்டில் நிறுத்தி அழகு பார்ப்பவருக்குச் சலுகை, காய் சுமப்பவருக்குக் கட்டணம்! வயதைப் பார்த்துக் காசு வாங்குவதைவிட, பிரேக்கையும் புகையையும் கண்டிப்பாகச் சோதித்து, தேறாத வண்டியை நிறுத்துங்கள். அது எங்களுடையதாக இருந்தாலும் நிறுத்துங்கள். தேறிய வண்டியிடம் எதற்கு இரட்டிப்பு? அந்தப் பத்தாயிரம் கையில் இருந்தால், வழுக்கையாகிக் கிடக்கிற எங்கள் பின் டயர் இரண்டையும் மாற்றிவிடுவோம்.

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்