கிண்ணத்துச் சீனிக்கு ஏன் விலக்கு?

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2024ல் அறிவித்தபடி, பானங்களுக்கு ஏற்கெனவே உள்ள நியூட்ரி-கிரேட் எழுத்துத் தரக்குறி 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பிள்ளைகளின் காலைச் சீரியல் அந்தப் பட்டியலில் இல்லை. சைனாடவுன் பாயிண்டில் பபிள் டீ வாங்க நிற்கும் இளையர் 'சி', 'டி' எழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் சீனியின் அளவைச் சொல்கிறார். பேரங்காடியில் விற்கும் சாக்லெட் பானத் தூளுக்கும் தரம் உண்டு. அதே கொக்கோ, அதே சீனி, அதே மால்ட் சாறு மாவோடு சேர்ந்து மொறுமொறுப்பான உருண்டையாகிவிட்டால் எந்த எழுத்தும் தேவையில்லையாம். பாலோடு சேர்ந்து பிள்ளையின் வயிற்றுக்குப் போவதில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது 'டி'. விளம்பரமே செய்ய முடியாது. இனிப்பூட்டிய சீரியல்களிலோ 100 கிராமுக்கு 25 கிராமைத் தாண்டுவது சாதாரணம். பிரிட்டனில் விற்கும் ஃபிராஸ்டீஸ் சீரியலில் அது 37 கிராம். அமெரிக்காவில் 1953ல் அறிமுகமான ஒரு கெல்லாக்ஸ் சீரியலில், 2011ல் ஆய்வு செய்தபோதும், எடையில் பாதிக்கு மேல் சீனியே இருந்தது. ஐரோப்பாவுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் வகுத்த அளவுகோலோ, 100 கிராமில் 15 கிராமுக்கு மேல் சீனியுள்ள சீரியலைப் பிள்ளைகளிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. "யாரும் வெறும் சீரியலைத் தின்பதில்லை, பாலோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்" என்பது நிறுவனங்களின் வழக்கமான வாதம். இதே வாதத்தோடு கெல்லாக்ஸ் பிரிட்டிஷ் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2022 ஜூலையில் தோற்றது. சரி, அவர்கள் வழியிலேயே கணக்கிடுவோம். 30 விழுக்காடு சீனியுள்ள சீரியலில் 30 கிராம் எடுத்து 125 மில்லிலிட்டர் பால் ஊற்றினால், பாலின் இயல்பான இனிப்பை விட்டுவிட்டாலும், கலவையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடு சீனி. பானமாக இருந்தால் அதற்குத் தரம் 'சி'. அதுவும் பெட்டியில் அச்சிட்ட 30 கிராமோடு பிள்ளை நிறுத்திக்கொண்டால்தான்.

சீனியைக் குறைத்துவிட்டால் போதும் என்பவர்கள் ஆலைக்குள் நடப்பதைப் பார்ப்பதில்லை. இத்தகைய பல சீரியல்களில் மாவும் நீரும் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டு, சிறு துளை வழியே பீய்ச்சப்பட்டுப் பொரிகின்றன. பிறகு சுழலும் உருளையில் சீனிப்பாகு பூசி உலர்த்துகிறார்கள். சூட்டில் அழியும் வைட்டமின்களைக் கடைசியில் தெளிக்கிறார்கள்; அவற்றின் பெயர்கள்தான் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் வருகின்றன. இவ்வளவு பதப்பட்ட மாவுச்சத்து வேகமாகச் செரித்து இரத்தத்தில் ஏறுகிறது. சீனி அதிகமில்லாத சோள அவலின் கிளைசீமிக் குறியீடே 80 அளவில் இருக்கிறது. பின்பக்கப் பொருள் பட்டியலிலோ சீனி, குளுக்கோஸ் பாகு, தேன், மால்ட் சாறு என இனிப்பு நான்காகப் பிரிந்து நிற்க, முதலிடம் "முழுத் தானியத்துக்கு" வாய்த்துவிடுகிறது. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். எனக்குக் கோபமூட்டுவதும் அதுவே.

பெற்றோரின் பொறுப்பு என்று சொல்லித் தப்பிக்கும் குரல்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பள்ளிக்கூட மணி ஏழரைக்கு அடிக்கும் ஊரில், தாயும் தந்தையும் வேலைக்கு ஓடும் வீட்டில், பெட்டியின் முகப்பைத்தான் படிக்க நேரம் இருக்கும். எழுத்து ஒட்டினால் என்ன நடந்துவிடும் என்பவர்கள் பானங்களைப் பார்க்கட்டும். அடைக்கப்பட்ட பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017ல் 7.1 விழுக்காடு; 2023ல் 4.6. ஒவ்வொரு குடும்பத்துக்கும் திடீரென்று ஞானம் வந்ததால் அது இறங்கவில்லை. கெட்ட எழுத்துக்கு அஞ்சி நிறுவனங்கள் கலவையை மாற்றின. சிங்கப்பூரில் அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று பிரதமராக இருந்த லீ சியன் லூங் 2017 தேசிய தினப் பேரணியில் சொன்னார். அந்த நோய்க்கான வித்து ஆறு வயதில் காலைக் கிண்ணத்தில் விழுகிறது என்றே நான் கருதுகிறேன். சிலி நாடு 2016லேயே இனிப்புச் சீரியல் பெட்டிகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையை ஒட்டவைத்து, முகப்பில் இருந்த கேலிச்சித்திரப் புலியை அகற்றியது. 2027க்கு இன்னும் நேரமிருக்கிறது. பட்டியலில் ஐந்தாவதாகச் சீரியலைச் சேர்க்க வேண்டும். 100 கிராமில் 15 கிராம் சீனியைத் தாண்டும் சீரியல் பெட்டியில் எந்தக் கேலிச்சித்திர விலங்கும் இருக்கக் கூடாது.