தளர்ந்த பிரேக்கும் தவறான பெயரும்

பழைய மோட்டார் வண்டிகளில் பிரேக் பெடல் மிதித்த மாத்திரத்தில் பஞ்சுபோல் உள்ளமிழ்வதை நம் பக்கத்து வண்டிக்காரர் பலர் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை. "இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும்" என்பதே அவர்தம் விடை. அங்ஙனம் பிடித்துக்கொள்வதும் உண்மையே. ஆயினும் இரண்டாம் மிதிக்கு இடங்கொடாத நொடியொன்று சாலையில் வருமாயின் அவ்விடை யாதாகும்? மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகின்றது.

குளத்தூர்ப் பக்கத்தில் இது வெறும் ஏட்டு வினா அன்று. நார்த்தாமலைத் திருவிழாவிற்கும், ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோயிலுக்கும், கலியாண வீடுகளுக்கும் அம்பாசிடர் வண்டியிற் குடும்பத்தோடு ஏறிச் செல்வோர் இன்றும் உளர். உத்தரபாராத் தொழிற்சாலை அவ்வண்டியைச் செய்வதை 2014ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. ஆகலின் ஓடுவனவற்றுள் மிக இளையதும் பத்தாண்டு கடந்ததே. முதிய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் திரவவழி ஒன்றே. ஒரு ஹோஸ் வெடிப்பின் நான்கும் ஒருங்கே போம். எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே.

மோட்டார் இப்பக்கத்திற்குப் புதிதன்று. தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்டது 1912ஆம் ஆண்டில். அந்நாளைப் பிரேக்குகளை இயக்கியவை கோல்களும் கம்பிகளுமே. நான்கு சக்கரங்களையும் திரவத்தின் அழுத்தத்தால் நிறுத்தும் முறை, அமெரிக்க டூசன்பர்க் காரில் 1921ஆம் ஆண்டளவில் வந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எவ்விடத்தும் ஒருபடித்தாய்ப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியே அதற்கு அடிப்படை. திரவம் எளிதிற் சுருங்காது; காற்றோ சுருங்கும். குழாயினுட் காற்றுக்குமிழ் புகுந்துவிட்டாற் காலின் வலிமை சக்கரத்தைச் சேராது, குமிழை நசுக்குவதிலேயே கழிந்துபோம்.

இத்துணையும் பட்டறைக்காரர் நன்கறிந்ததே. அதனாலன்றோ வண்டியைக் கண்டவுடன் "ஏர் எடுத்துவிட்டாற் சரியாய்ப் போகும்" என்கின்றனர்? யான் மாறுபடுவது இவ்விடத்தேதான். அடைபட்ட குழாயினுள் அக்காற்று எவ்வழி வந்தது? வழியை அடைக்காது காற்றை மட்டும் போக்குதல், ஓட்டைப் பானையை நாடோறும் நிரப்புவதை ஒக்கும். முதலிற் காரணந் தேடுதல் வேண்டும். அதற்குப் பெருங்கருவி வேண்டா, பெடலே சொல்லும்.

நின்ற வண்டியில் அமர்ந்து பெடலை அடுத்தடுத்து மிதித்துப் பார்க்க. மேலெழுந்தும் பஞ்சுத்தன்மை மாறாதாயின் உள்ளே காற்றுண்டு. மேலெழுந்தபின் கல்லாய் நிற்குமாயின் டிரம்மினுள் ஷூக்கள் தேய்ந்து விலகியுள்ளன என்று கொள்ளலாம். அவ்விடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். காலை அழுத்தியே வைத்திருக்கப் பெடல் மெல்ல மெல்லத் தரைநோக்கி இறங்குகின்றதா? எங்கோ கசிகின்றது. சக்கரங்களின் உட்புறத்தையும் குழாய் மூட்டுகளையும் ஆராய்க. எங்கும் ஈரமின்றித் திரவமும் குறையாதிருக்க, பெடல் மட்டும் இறங்கின், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் தேய்ந்து அழுத்தத்தைப் பின்னோக்கி விடுகின்றதென ஐயுறுதல் தகும். முதிய ரப்பர் ஹோஸ் மிதிக்குந்தோறும் உப்புதலும் உண்டு; ஒருவர் மிதிக்க மற்றொருவர் தொட்டறியலாம்.

இனிப் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ் பயில்வோன் இதனை விட்டுச்செல்லுதல் அரிது. யாவரும் 'பிரேக் ஆயில்' என்றே வழங்குகின்றனர். அஃது எண்ணெயன்று. இவ்வண்டிகளுக்கு ஊற்றுவது கிளைக்கால் வகைத் திரவம்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையிற் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதியாது. ஈரமேறியபின் அவ்வெல்லை 140 பாகையளவிற்கு இறங்க இடமுண்டு. நெடுஞ்சரிவில் ஓயாது மிதித்து இறங்குவோர்க்கு அவ்வேறுபாடு பெரிது. கொதித்தெழுந்த ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஆயில் என்னும் பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிட்டாலோ ரப்பர்கள் உப்பிக் கெடும். பின் அனைத்தையும் கழற்றிக் கழுவி ரப்பர்களை மாற்றியாதல் வேண்டும். தனித்தமிழ் ஆர்வத்தால் இதனைக் கூறுகின்றேனல்லேன். 'பிரேக்' இருந்துவிட்டுப் போகட்டும். 'ஆயில்' போதல் வேண்டும்.

குற்றத்தை ஓட்டுநர் தலைமேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. வண்டி ஒருநாள் பட்டறையில் நின்றால் அன்றைய வரும்படி போயிற்று. அவ்விழப்பை உடையவர் ஏற்பதே முறை. வாடகைக்கு எடுக்கும் நாமும் ஏ.சி. உண்டா என்று வினவுகின்றோமேயன்றிப் பிரேக் எப்படி என்று கேட்பதில்லை.

காரணம் நீங்கியபின்னரே காற்றெடுத்தல். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தினின்று, நம் நாட்டு வண்டிகளிற் பெரும்பாலும் பின்புறத்து இடச்சக்கரத்தினின்று, தொடங்குக. நிப்பிளில் மாட்டிய தெளிந்த குழாயின் மறுமுனை, திரவம் ஊற்றிய புட்டியில் அமிழ்ந்திருத்தல் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து, காலெடுக்குமுன் மூடுக. குமிழ் நிற்குமளவும் இது நிகழ்க. மேற்கலத்தை வற்றவிடலாகாது, வெளிவந்த திரவத்தை மீட்டும் ஊற்றலுமாகாது. முடிந்தபின் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது தாழாமை கண்டு, ஆளில்லாச் சாலையில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே பயணிகளை ஏற்றுக.