நார்கொண்டம் காவலருக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

அந்தமான் கடலில் நார்கொண்டம் என்று ஒரு எரிமலைத் தீவு. பரப்பு 7 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1969 முதல் அங்கே போலீசார் முறை வைத்துக் காவல் இருந்து வருகிறார்கள். கப்பல் வந்தால்தான் அரிசி. கப்பல் வந்தால்தான் ஆள் மாற்றம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளி மாநிலத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அந்தத் தனிமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலகில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாட்சிப் பறவைக்கு அதுவே வீடு. முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்தில் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். மிச்சம் விட்ட சிறு இடுக்கு வழியாகச் சேவல்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பொந்துள்ள முதிய மரம் போனால் குடும்பமே போயிற்று.

1976-ல் காவலர்களின் கறிக்காக விடப்பட்ட ஆடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்தன. அடுத்த ஆண்டே தீவு சரணாலயம் ஆயிற்று. ஆடுகளுக்கு அது தெரியுமா? அவற்றை அகற்றப் பல ஆண்டுகள் பிடித்தன. ரேடார் நிலையத்துக்கு 2012-ல் மறுக்கப்பட்ட அனுமதி 2014-ல் கிடைத்தது.

2019-20-ல் ஆய்வாளர்கள் தங்கி எண்ணினார்கள். சுமார் 1,000 பறவைகள் என்று தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆய்வாளர் வந்து போகிறவர். ஆண்டு முழுவதும் அங்கே கண் விழித்திருப்பவர் காவலர். எந்த மரத்தில் கூடு, எந்த மாதம் பழம் என்று அவரே குறித்து வைக்கலாம். அதற்குப் பயிற்சியும் பைனாகுலரும் கொஞ்சம் கூடுதல் படியும் கொடுத்தால் அரசு ஏழையாகிவிடாது. விறகுக்கு மரம் தேடாதபடி எரிவாயுவும் தட்டாமல் போகட்டும். நோட்டுப் புத்தகம் அடுத்த கப்பலிலேயே வனத்துறைக்கு வந்துவிடும்.